வாய்க்கூடு அணிந்த ஓட்டநாய்

1926 ஆம் ஆண்டு யூலை மாதம் 24 ஆந் திகதி, இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரிலுள்ள பெல் வூ அரங்கில், மின்விசையால் ஓடிய பொம்மை முயல் ஒன்றைக் கிறேஹவுண்ட் நாய்கள் துரத்தின. அன்று காண வந்தோர் ஏறக்குறைய 1,700 பேர். சில ஆண்டுகளுள் இப்பந்தயம் நாடெங்கும் பரவி, தொழிலாளர்களின் மாலைப் பொழுதுபோக்காயிற்று. பிரபுக்களின் வேட்டைநாய், பணயம் கட்டுவோரின் நாயாக மாறியது.

நேயர்களே, பந்தயநாயின் வாயில் ஒரு கூடு பூட்டப்படுவதுண்டு. நெருங்கி ஓடுகையில் ஒன்றையொன்று கவ்விக் காயப்படுத்தாதிருக்கவும், எதன் மூக்கு எல்லைக்கோட்டை முந்திக் கடந்தது என்று நடுவர் காணவும் அது உதவுகிறது. நம் வயல்களிற் சூடு மிதிக்கும் எருதின் வாயைக் கட்டுவது நெல்லைத் தின்னாதிருக்கவேயன்றி, அது மனிதரைக் கடிக்கும் என்பதற்கன்று. ஆனால் கூட்டைக் கண்டவர்கள் இந்நாயைக் கொடிய விலங்கென்றே எண்ணினர்.

அந்த எண்ணத்தை வென்ற நாய்களும் உண்டு. அயர்லாந்திற் பிறந்த மிக் த மில்லர் 1929 இலும் 1930 இலும் ஆங்கில டேர்பியை வென்று, திரைப்படத்திலும் தோன்றியது. 1939 இல் இறந்தபின் அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, இன்று திறிங் நகர அரும்பொருட்காட்சியில் நிற்கின்றது. வெல்லாத நாய்களுக்கு இத்தகைய வாழ்வு வாய்க்கவில்லை. நான்கைந்து வயதில் ஓட்டம் முடிந்துவிடும்; ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். எஞ்சிய காலத்தில் அவற்றுக்கு யார் சோறிடுவது?

1970 களின் நடுவில் பிரித்தானியாவில் ஓய்வுபெற்ற நாய்களுக்கு வீடு தேடும் அறநிலையம் ஒன்று தோன்றியது. ஆயினும் 2006 இல் சண்டே டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட செய்தி நாட்டையே திகைக்கவைத்தது. டேர்ஹம் மாவட்டத்துச் சீஹம் என்னும் ஊரில் ஒருவர், கூலி பெற்று, பயனற்றவையெனக் கைவிடப்பட்ட நாய்களைப் பல ஆண்டுகளாகக் கொன்று தம் நிலத்திற் புதைத்து வந்தார். சட்டம் அவரிடங் கண்ட குற்றம், அனுமதியின்றிக் கழிவைப் புதைத்தது மட்டுமே. தண்டம் 2,000 பவுண். அந்நாய்கள் சட்டத்தின் கண்ணிற் கழிவாகவே இருந்தன என்பதை எண்ண மனம் கூசுகிறது.

இப்பந்தயம் 1927 இலேயே சிட்னி நகரை அடைந்திருந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அவப்பெயர் சட்டமாகவே நின்றது. வளர்ப்புக் கிறேஹவுண்ட் வீதிக்கு வந்தால் வாய்க்கூடு கட்டாயம். 1996 இல் தொடங்கிய தத்தளிப்புத் திட்டத்தின் சோதனையில் தேறிய நாய் மட்டும் பச்சைக் கழுத்துப்பட்டியுடன் கூடின்றி நடக்கலாம். நற்சான்றிதழ் பெற்றாலன்றி எந்த நாயும் சந்தேகத்திற்குரியதே என்பது அதன் பொருள்.

வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள் கண்டதோ வேறு. கூண்டில் வளர்ந்த இந்நாய்களுக்குப் படிக்கட்டும் கண்ணாடிக் கதவும் புதுமை. அவற்றைக் கண்டு மருளும். நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். பூனையையும் முயலையுங் கண்டால் துரத்தும் பழக்கம் சிலவற்றிடம் எஞ்சியிருப்பது உண்மை; அதை மறைப்பது நாய்க்கும் நன்றன்று, வளர்ப்போருக்கும் நன்றன்று.

விக்டோரியாவில் 2019 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி வாய்க்கூட்டுக் கட்டாயம் நீங்கியது. கழுத்துக்கயிறு மட்டும் வேண்டுமென்று சட்டம் விதித்தது. அதிலே குறைகாண இடமில்லை. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடவல்லதை, கையை விட்டபின் யார் பிடிப்பது?