உதுக்கு முள்ளு எங்க? – ஒரு காற்று வள்ளமும் எங்கட படகு வரலாறும்

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் பயணப்பெட்டிக்குள்ள ஒரு வள்ளத்தை மடிச்சுக் கொண்டுவந்தான். காற்றடிச்சு ஓட்டுற கயாக். கொடியிறக்கம் முடிஞ்சு ரெண்டு நாளால அதைக் கொழும்புத்துறைக் கரைக்குக் கொண்டுபோனம். கால் பம்பால அடிச்சு, ரெண்டுபேரும் ஏறினதுதான் தாமதம், நடு பதிஞ்சு இரண்டு முனையும் மேல எழும்பீட்டுது. துடுப்பைப் போட்டால் முன்னுக்குப் போகாமல் சுத்துது. கரையில வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கனநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திட்டுக் கேட்டார்:

"தம்பியவை, உதுக்கு முள்ளு எங்க?"

மீனுக்கு முள்ளு இருக்கிற மாதிரி வள்ளத்துக்கும் ஒரு முள்ளு வேணும் என்கிறது அவருடைய கணக்கு. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இதுக்கென்றே துணைப் பொருட்கள் விற்கினம். தரைக்குப் போடுற பலகை, நடுவால செருகுற அலுமினியத் தண்டு, கூடின அழுத்தத்தில் காற்றடிக்கிற தனித் தரை என்று மூன்று வகை. எதை வாங்கிறது என்று மச்சான் கேட்டான். நான் வரலாறு படிக்கிற ஆள், விலையைப் பார்க்க முதல் வரலாற்றைத்தான் பார்த்தன். பார்த்த இடத்தில் எங்கட கடற்கரைதான் முதலில் நின்றது.

வளையிறது குற்றமோ?

வள்ளம் என்றால் விறைப்பாக இருக்கவேணும் என்று நாங்கள் நினைக்கிறம். எங்கட முன்னோர் அப்படி நினைக்கவில்லை. கட்டுமரத்தைப் பாருங்கோ. எடை குறைந்த சில மரங்களைச் சீவிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டினதுதான் அது. அதுக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. ஏறுகிற தண்ணி இடைவெளியால் இறங்கிவிடும். அலை தூக்கும்போது மரங்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போடலாம், ஏனென்றால் தண்ணி குடித்த மரம் பாரம். ஆங்கிலேயர் இந்தச் சொல்லையே தங்கட மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பெயரில் உலகம் முழுக்க ஓடுகிற இரட்டை உடல் படகுகளுக்கும் எங்கட கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிரப் பெரிய உறவு இல்லை.

சோழமண்டலக் கரையில் இன்னொரு விடை இருந்தது: மசூலாப் படகு. பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள், உள்ளே விலா இல்லை. சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆட்களும் சாமான்களும் அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கரைக்கு வந்தது இந்தப் படகில்தான். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். சென்னை மாகாண மீன்பிடித் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். அந்தப் பக்கங்களில் இவையெல்லாம் அறிவோடு எடுத்த முடிவுகளாகத்தான் தெரிகின்றன. கரையின் தன்மை படகின் தன்மையைத் தீர்மானித்திருக்கிறது.

ஏராவும் வங்கும்

அப்ப ஐயா கேட்ட முள்ளு எங்கே இருந்து வந்தது? பாய்க்கப்பல் கட்டின ஊர்களில் இருந்து. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காரைநகர், ஊர்காவற்றுறை என்று வடகரை முழுக்கத் தோணியும் கப்பலும் ஓடின காலம் ஒன்று இருந்தது. பாரம் ஏற்றி வங்காள விரிகுடாவைத் தாண்டவேண்டிய கப்பல் நெளிந்தால் பொருத்துகள் விலகித் தண்ணி உள்ளே வரும். அதனால் அடியில் நீளவாக்கில் ஏரா, அதிலிருந்து இரண்டு பக்கமும் எழும்புகிற விலாக்கள். விலாவுக்குக் கப்பல் கட்டினவர்களுடைய சொல் வங்கு. அதன் மேல்தான் பலகை.

இந்த வேலைக்கு எல்லாருக்கும் தெரிந்த சாட்சி அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் கட்டின, 89 அடி நீளமான பாய்க்கப்பல். சின்னப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை வாங்கினார். கப்பலுக்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாறியது. எங்கட மாலுமிகளோடு சுயெஸ் கால்வாயால் போய், அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆவணியில் மசாசூசெற்சின் குளொஸ்ரர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. றொபின்சன் வெறும் பயணி இல்லை, கப்பல் கட்டுகிற தொழிலும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் விரும்பி வாங்கின கப்பல் இது.

பிளாஸ்ரிக் போட், கிளாலி

பிறகு கண்ணாடியிழைப் படகு வந்தது. சனம் பிளாஸ்ரிக் போட் என்று சொல்லும். காரைநகரில் நோர்வே உதவியோடு உருவான சீநோர் தளம் இந்தப் படகுகளைக் கட்டியது. இந்தப் படகின் ஓடு மெல்லிசு, வெறுமனே விட்டால் அதுவும் நெளியும். அதனால் அடியில் நீளவாக்கில் வரம்பு வைத்து இழை ஒட்டுவார்கள். குறுக்கே வருகிற இருக்கைப் பலகையும் இருப்பதற்கு மட்டும் இல்லை. இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறதும் அதுதான்.

இதை எழுதுகிற நேரம் அம்மாவிடம் சும்மா கேட்டன், "நீங்கள் வள்ளத்தில போயிருக்கிறீங்களா?" அம்மா கொஞ்சநேரம் கதைக்கேல்லை. பிறகு, "கிளாலியால போனனாங்கள்" என்றா.

1990இல் ஆனையிறவுப் பாதை அடைபட்ட பிறகு, குடாநாட்டுச் சனம் வெளியே போக யாழ்ப்பாணக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது. மோட்டர் பூட்டின ஒரு போட் மற்ற வள்ளங்களைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போகும். 1993 தை 2ஆம் திகதி அந்தக் கடலில் சனத்தின் மேல் நடந்த தாக்குதலை எங்கட பெற்றோர் மறக்கவில்லை. அம்மா போனது அதுக்குப் பிறகு. விளக்கு இல்லை, கதை இல்லை. "எல்லாரையும் அடியில இருக்கச் சொன்னவை. கீழ இருந்தால்தான் வள்ளம் ஆடாதாம். தண்ணி ஊறி ஊறி உடுப்பு முழுக்க நனைஞ்சு போச்சு. நான் அந்த அடியைக் கையால தடவிக்கொண்டே இருந்தனான். அது கட்டியாக இருக்கு என்று தெரிஞ்சால் ஒரு ஆறுதல்."

நான் பொறியியல் கேள்வி என்று நினைத்து எழுதத் தொடங்கினது அந்த இடத்தில் வேற ஒன்றாகிப்போனது. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்தது. இப்ப பஸ்சில் அந்தக் கடலைச் சில நிமிடத்தில் தாண்டுறம்.

மடிக்கிற வள்ளத்தின் கதை

காற்றில் மிதக்கிறது பழைய யோசனை. கி.மு. 9ஆம் நூற்றாண்டின் அசீரியச் சிற்பங்களில் வீரர்கள் ஊதின தோற்பையைக் கட்டிப்பிடித்து ஆற்றைக் கடக்கிறார்கள். 1840களில் பீற்றர் ஹல்கெற் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி, உடுத்தால் மேலங்கி, ஊதினால் படகு என்று ஒன்றைச் செய்தார்.

கயாக் வடதுருவ இனுயிற் மக்களுடையது. சட்டகத்தின் மேல் தோல் இழுத்துக் கட்டினது. ஜேர்மனியில் யோகான் கிளெப்பர் 1907இல் இருந்து அதையே கழற்றி மடிக்கிற மாதிரிச் செய்து விற்றார். உள்ளே மரச் சட்டகம், வெளியே இறப்பர் பூசின துணி. அந்த வகைக் கயாக் ஒன்றில் ஒஸ்கார் ஸ்பெக் என்ற ஜேர்மனியர் 1932இல் டான்யூப் ஆற்றில் புறப்பட்டு, 1935இல் இலங்கைக்கு வந்தார். பிறகு இந்தியாவின் கிழக்குக் கரையால் மேலே போய், 1939இல் அவுஸ்திரேலிய எல்லைத் தீவு ஒன்றில் இறங்கினார். அதுக்குள் உலகப் போர் தொடங்கிவிட்டது, எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்தார்கள்! ஏழு வருசம் அவரைத் தாங்கினது கழற்றிப் பூட்டுகிற எலும்பு.

காற்றுத் தரையின் திருப்பம் 1950களில் வந்தது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1956இல் ஊதிப் பறக்கிற விமானம் ஒன்றைச் செய்தது. மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்துவிட்டால், எவ்வளவு காற்றடித்தாலும் பலூன் மாதிரி உருளாமல் பலகை மாதிரித் தட்டையாக நிற்கும். இன்றைய விலை கூடின கயாக் தரை இதுதான். விறைப்பைத் தருகிறது காற்றழுத்தம், வடிவத்தைக் காக்கிறது நூல். கட்டுமரத்தில் கயிறு, மசூலாவில் தும்பு, இதில் நூல். தையல் எங்களுக்குப் புதுசு இல்லை.

அப்ப எதை வாங்கிறது?

பலகைத் தரை மலிவு. கயாக் தரைக்கு மேல் போட்டால் ஆளின் பாரத்தைப் பரப்பிவிடும், நடு பதியாது. ஆனால் பாரம் கூடும், விளிம்பு கூராக இருந்தால் ஓட்டை விழும். அலுமினியத் தண்டு உண்மையான ஏரா மாதிரி. தரைக்குக் கீழே நடுவால போய் அடியை மெல்லிய கூம்பாக்கும், வள்ளம் நேராகப் போகும். ஆனால் எல்லாக் கயாக்குக்கும் பொருந்தாது, அதுக்கென்று செய்த வகைக்குத்தான் பூட்டலாம். நூல் தரை நல்ல விறைப்பு. சாதாரணக் காற்றுத் தரைக்குச் சதுர அங்குலத்துக்கு 1, 2 இறாத்தல் அழுத்தம் என்றால், இதுக்கு 8, 10 வரை அடிக்கலாம். இருக்கிற உயரம் கூடுகிறதால் ஆட்டமும் கொஞ்சம் கூடும். எந்தத் தரை என்றாலும் எங்கட வெயிலில் கரையில் விட்டால் உள்ளே காற்று விரியும், கொஞ்சம் இறக்கிவிடவேணும்.

எங்கட கடனீரேரி கனஇடத்தில் இடுப்பளவு தண்ணி. அலை பெரிசாக இல்லை, ஆனால் சிப்பி இருக்கு, காற்று இருக்கு. ஆழமான அடி இங்கே தட்டும். எங்களுக்கு வேண்டியது தட்டையாக, நடு பதியாத ஒரு தரை. நூல் தரையை மச்சான் அடுத்தமுறை கொண்டுவருவான். அதுவரைக்கும் மெல்லிய பிளைவூட்டை மூன்று துண்டாக வெட்டி, விளிம்பை அரத்தால் உருட்டி, பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி ஒட்டினம். உயிர்காப்பு அங்கியோடு திரும்ப இறக்கினம். நேராகப் போச்சு.

ஐயா பார்த்திட்டுச் சிரிச்சார். "இப்ப கொஞ்சம் முள்ளு வைச்சிருக்கு." ஏரா, வங்கு என்ற சொற்களை நான் புத்தகத்தில் படிச்சனான், அவர் தன்ர தகப்பனிடம் கேட்டவர். தகப்பன் எந்த மரத்தை எதுக்கு வெட்டினார் என்று கேட்டன். "அதெல்லாம் ஆர் எழுதி வைச்சது?" என்றார்.

எங்கட பாடப்புத்தகங்களில் நல்லூர் அரசர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கு. அந்த அரசின் கடலில் ஓடின வள்ளத்தின் உறுப்புகளுக்கு என்ன பெயர் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட ஊரில் ஓடாவி வேலை தெரிஞ்ச ஒருவர் இன்னும் இருந்தால், ஒரு பின்னேரம் போய் இருந்து கதைச்சுப் பதிவுசெய்யுங்கோ. கிளாலியால போன ஒருவர் வீட்டில் இருந்தால், அவரிடமும் கேளுங்கோ.