ஒரு வசந்தத்தின் முன்வரலாறு: பீக்கிங் பல்கலைக்கழகம் 1917–1919

இருபதாம் நூற்றாண்டின் ஆசிய வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் 1919ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதியைத் தவிர்த்துச் செல்வதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. இன்று பெய்ஜிங் என வழங்கும் பீக்கிங் நகரில், பதின்மூன்று கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 மாணவர் தியனன்மென் வாயிலின் முன் ஒன்றுகூடினர். அந்நிய வல்லரசுகளின் தீர்ப்பையும் அதற்குத் துணைபோன தம் அரசாங்கத்தையும் எதிர்த்துக் குரலெழுப்பினர். நவீன சீனத்தின் தொடக்கப்புள்ளியாக இந்நாளைக் கொள்ளும் வரலாற்றாசிரியர் பலர்.

எனினும், அந்த ஒரு நாளின் நிகழ்ச்சிகளை மாத்திரம் நோக்குவோர்க்கு அது இளைஞரின் திடீர்க் கொந்தளிப்பாகவே தோன்றும். அதற்கு முந்திய இரண்டாண்டுக் காலத்தில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலும் விரிவுரை மண்டபங்களிலும் மாணவர் சஞ்சிகைகளிலும் நிகழ்ந்தவற்றை ஆராய்வோர்க்கோ, அது நெடுநாள் உழைப்பின் விளைவாகப் புலப்படும். அந்த முன்வரலாற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதவிக்கு ஏறும் படி

பீக்கிங் பல்கலைக்கழகம் 1898ஆம் ஆண்டின் சீர்திருத்த முயற்சியின்போது பேரரசுப் பல்கலைக்கழகமாக நிறுவப்பட்டது. அச்சீர்திருத்தம் ஏறத்தாழ நூறு நாள்களில் அரண்மனைப் பழைமைவாதிகளால் முறியடிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் மட்டும் எஞ்சியது. 1905இல் அரச உத்தியோகத்துக்கான பழைய தேர்வுமுறை ஒழிக்கப்பட்டது. 1912இல் குடியரசு தோன்றியபின் பல்கலைக்கழகமும் இன்றைய பெயரைப் பெற்றது. ஆயின் பெயர் மாறிய வேகத்தில் மனப்பாங்கு மாறவில்லை. மாணவருட் பலர் உயர் உத்தியோகத்தர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பட்டம் என்பது அவர்களுக்குப் பதவிக்கு ஏறும் படியாகவே இருந்தது. அறிவில் ஆழ்ந்த ஆசிரியரைக் காட்டிலும் அரசாங்கத்திற் செல்வாக்குடைய ஆசிரியரே அவர்களால் விரும்பப்பட்டார்.

இந்நிலையில் 1917 சனவரியில் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்றவர் சாய் யுவான்பெய். பழைய தேர்வுமுறையின் மிகவுயர்ந்த பட்டத்தைப் பெற்றவர் அவர். பின்னர் புரட்சியாளராகிக் குடியரசின் முதற் கல்வி அமைச்சராகவும் பணியாற்றினார். ஜேர்மனியின் லைப்சிக் நகரிலும் பயின்றவர். பழைமையை உள்ளிருந்து அறிந்தும் புதுமையை நாடிச் சென்று கற்றும் வந்த ஒருவரிடம் இப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டமை சீனக் கல்வி வரலாற்றின் நற்பேறு எனலாம்.

அவர் ஆற்றிய பதவியேற்புரை இன்றும் கற்கத்தக்கது. பல்கலைக்கழகம் உயர்ந்த அறிவை ஆராயும் இடம் என்றும், பதவியும் பொருளும் நாடுவோர் வேறிடம் செல்லலாம் என்றும் அவர் வெளிப்படையாகக் கூறினார். அவ்வுரையின் முடிவில் உடனடியாகச் செய்யவுள்ள காரியங்களாக இரண்டை அறிவித்தார். முதலாவது, விரிவுரைக் குறிப்புகளைச் சீர்செய்தல். குறிப்புகளில் சுருக்கம் மாத்திரமே தரப்படும். எஞ்சியதை மாணவர் விரிவுரையைக் கேட்டும் தாமே தேடிப் படித்தும் நிறைவு செய்யவேண்டும். இரண்டாவது, நூலகத்துக்குப் புதிய நூல்களை வாங்குதல். பெரியதொரு பண்பாட்டு மாற்றத்தின் தொடக்கம் இவ்விரு எளிய அறிவித்தல்களில் அடங்கியிருந்தது. குறிப்பை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் வழக்கத்தை மாற்றாமல் வேறெதனையும் மாற்றவியலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆசிரியர் நியமனங்களிலும் அவர் தனிவழி கண்டார். ‘புதிய இளைஞன்’ என்ற சஞ்சிகையை 1915 முதல் நடத்திவந்த சென் துசியு கலைப்பீடத்தின் பீடாதிபதியானார். அமெரிக்காவிற் கற்றுத் திரும்பிய ஹூ ஷி இருபத்தைந்து வயதில் பேராசிரியரானார். அதேவேளை, மலாயாவின் பினாங்கிற் பிறந்து எடின்பரோவிற் கற்று, முடியாட்சியின் மீளாத பக்தராக நீண்ட பின்னலுடனே வாழ்ந்த கூ ஹொங்மிங் அங்கு ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ஒருவர் கருத்தை மற்றவர் முற்றாக மறுக்கும் ஆசிரியர்கள் ஒரே வளாகத்திற் கற்பித்தனர். எக்கொள்கைக்கும் நியாயமான ஆதாரம் உளதாயின் அதற்குப் பல்கலைக்கழகத்தில் இடமுண்டு என்பதே சாயின் நிலைப்பாடாகும்.

நூலகமும் அதன் வாசகரும்

1918இல் பல்கலைக்கழகத்தின் ‘செங்கட்டடம்’ பூர்த்தியாயிற்று. மாணவர் விடுதியாகத் திட்டமிடப்பட்ட அக்கட்டடம் வகுப்பறைகளுக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் லி தாசாவோ தலைமை நூலகராக நியமனம் பெற்றார். பின்னர் சீனப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர் இவர். புத்தகங்களைப் பூட்டிக் காப்பது நூலகரின் கடமை என்றிருந்த காலத்தில், அவற்றை வாசகர் கையிற் சேர்ப்பதே கடமையென இவர் கருதினார். மாணவரும் இளம் ஆசிரியரும் இவரது அறையிற் கூடி உலக நடப்புகளை விவாதிப்பது வழக்கமாயிற்று. ரஷ்யப் புரட்சியின் பொருள் யாது, போர் முடிந்தபின் ஆசியாவின் நிலை யாதாகும் என்பன போன்ற வினாக்கள் பாடத்திட்டத்தில் இடம்பெற்றவையல்ல. அவை நூலகரின் அறையில் எழுந்தவை.

எனினும் இதனை மிகைப்படுத்திக் கூறுதல் பொருந்தாது. 1918–19 குளிர்காலத்தில் அந்நூலகத்தின் வாசிப்பறையில், பத்திரிகை படிக்க வருவோரின் பெயர்களைப் பதிவுசெய்யும் உதவியாளராக ஹூனான் மாகாண இளைஞர் ஒருவர் பணியாற்றினார். அவரது ஊதியம் மாதம் 8 யுவான். அங்கு வந்த புகழ்பெற்ற மாணவத் தலைவர்களோடு உரையாட அவர் முயன்றார். தென்பகுதிப் பேச்சுவழக்கிற் பேசும் ஒரு நூலக உதவியாளனுக்குச் செவிகொடுக்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவ்விளைஞரே மாஓ சேதுங். பெண்கள் அப்பல்கலைக்கழகத்தில் அனுமதிக்கப்பட்டதும் 1920இலேயே ஆகும். அறிவின் வாயில் திறக்கப்பட்டது உண்மை. அதன் வழியே எல்லோரும் ஒருங்கே உள்நுழைந்தனர் என்பது உண்மையன்று.

மூன்று மாணவர் சஞ்சிகைகள்

1919ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அவ்வளாகத்தில் மூன்று சஞ்சிகைகள் தோன்றியமை தனியாக ஆராயத்தக்கது. சனவரி முதலாந் திகதி வெளியான ‘புதிய அலை’யை ஃபூ சினியன், லோ ஜியாலுன் முதலிய மாணவர் நடத்தினர். இதன் செலவுக்குப் பல்கலைக்கழகம் உதவியது. நூலகத்தில் ஓர் அறையும் வழங்கப்பட்டது. பேச்சுமொழியை அடியாகக் கொண்ட ‘பைஹுவா’ நடையில் இது எழுதப்பட்டது. அதே மாதத்தில் வெளிவந்த ‘குடிமக்கள்’ அரசியலை முதன்மைப்படுத்தியது; ஆயின் பெரும்பாலும் பண்டைய எழுத்துமொழியையே கையாண்டது. மார்ச்சில் வெளிவந்த ‘நாட்டு மரபு’ புதுமையாளரை மறுத்துப் பழைய இலக்கியத்தின் பெருமையை நிலைநாட்ட முயன்றது.

மொழிநடை பற்றிய இவ்விவாதத்தின் கூர்மையைத் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்வர். எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்குமிடையிலான இடைவெளி நமக்கும் புதிதன்று. சீனத்திலோ அவ்விடைவெளி மிகப் பெரிது. பண்டைய எழுத்துமொழியை நெடுங்காலம் பயின்றவரே அதைக் கையாள முடியும். உழவனும் தொழிலாளியும் அதனை வாசித்தறிதல் அரிது. ஹூ ஷி 1917 சனவரியில் எழுதிய இலக்கியச் சீர்திருத்தக் கட்டுரையும், லூ சுன் 1918 மே மாதத்தில் ‘புதிய இளைஞன்’ இதழில் வெளியிட்ட ‘ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ என்ற சிறுகதையும் புதிய நடைக்கு வழிவகுத்தன. அவ்வழியை மாணவர் தமது சஞ்சிகையில் மாதந்தோறும் பயன்படுத்திப் பழகினர். எழுதத் தெரிந்தவர் எழுதினர் என்பதைவிட, எழுதியெழுதியே எழுதக் கற்றனர் என்பது பொருந்தும்.

எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. மேனாட்டு நாவல்களைப் பண்டைய நடையிற் பெயர்த்துப் புகழீட்டிய லின் ஷூ, 1919 மார்ச்சில் சாய்க்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கன்பூசிய நெறியையும் மரபு மொழியையும் பல்கலைக்கழகம் அழிக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. சாய் தமது பதிலிற் கருத்துச் சுதந்திரத்தைத் தளராது வலியுறுத்தினார். ஆயினும் ஏப்ரலில் சென் துசியு பீடாதிபதிப் பதவியை இழந்தார். அக்கால வளாகத்தின் சுதந்திரம் எவரும் பரிசாக அளித்ததன்று; நாளும் பொழுதும் காக்கப்படவேண்டியதாகவே அது இருந்தது.

வளாகத்துக்கு வெளியே

மார்ச் 23ஆந் திகதி தெங் சொங்சியா முதலிய மாணவர் ‘பொதுமக்கள் கல்வி விரிவுரைக் குழு’வை அமைத்தனர். பல்கலைக்கழகம் செல்ல வாய்ப்பற்ற மக்களிடம் தாமே செல்லுதல் அவர்கள் நோக்கம். தெருமுனைகளிலும் கோயிற் சந்தைகளிலும் நின்று அவர்கள் பேசினர். நூலிற் படித்ததைச் சஞ்சிகையில் எழுதி, எழுதியதைச் சந்தையில் நின்று எளிமையாகக் கூறும் இப்பயிற்சி அவர்களுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களே வாய்த்தது. அப்பொழுது பாரிசிலிருந்து செய்தி வந்தது.

சாண்டுங் மாகாணத்தின் கியாவ்சௌ குடாவை ஜேர்மனி 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றிருந்தது. 1914இல் யப்பான் அதனைக் கைப்பற்றியது. 1915இல் இருபத்தொரு கோரிக்கைகளைச் சீனத்தின்மீது திணித்தது. 1917இல் சீனம் நேச நாடுகளின் பக்கம் போரில் இணைந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர் ஐரோப்பியப் போர்முனைக்குப் பின்னால் உழைத்தனர். எனவே வெற்றியின் பயனாகச் சாண்டுங் மீளுமெனச் சீனர் நம்பினர். 1919 ஏப்ரல் 30இல் வில்சன், லொயிட் ஜோர்ஜ், கிளமென்சோ ஆகிய மூவரும் ஜேர்மனியின் உரிமைகளை யப்பானுக்கே வழங்கத் தீர்மானித்தனர். யப்பான் அவ்வுரிமைகளைத் தக்கவைத்துக்கொள்வதற்குச் சீன அரசாங்கம் 1918இல் இரகசியமாக இணங்கியிருந்தமையும் வெளியாயிற்று.

மே 4உம் அதன் பின்னரும்

மே 7ஆந் திகதிக்குத் திட்டமிடப்பட்ட ஆர்ப்பாட்டத்தை முற்படுத்த, மே 3 இரவு பல்கலைக்கழகச் சட்டத்துறை மண்டபத்திற் கூடிய மாணவர் தீர்மானித்தனர். மறுநாளுக்காக இரு பிரகடனங்கள் எழுதப்பட்டன. ‘குடிமக்கள்’ அணியைச் சேர்ந்த சூ தெஹெங் பண்டைய நடையில் ஒன்றை எழுதினார். ‘புதிய அலை’யின் லோ ஜியாலுன் பேச்சுநடையில் மற்றையதை எழுதினார். சில வாரங்களுக்கு முன்வரை சஞ்சிகைகளில் வேறுபட்டு நின்றோர் ஒரே ஊர்வலத்தில் இணைந்தனர். அயல்நாட்டுத் தூதரகப் பகுதிக்குள் செல்ல அனுமதி மறுக்கப்பட்டதும் ஊர்வலம் அமைச்சர் சாவோ ரூலினின் இல்லத்தை நோக்கித் திரும்பியது. வீடு தீக்கிரையாயிற்று, அங்கிருந்த இராசதந்திரி சாங் சொங்சியாங் கடுமையாகத் தாக்கப்பட்டார். 32 மாணவர் கைது செய்யப்பட்டு மே 7இல் விடுவிக்கப்பட்டனர். சாய் மே 9இல் பதவி துறந்து நகரை விட்டகன்றார்.

அந்நாளின் வன்முறையைப் போற்றுவோர் ஒரு குரலை மறந்துவிடுகின்றனர். அப்பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த லியாங் ஷூமிங் அதே மாதத்தில் ஒரு கட்டுரை எழுதினார். மாணவரின் நாட்டுப்பற்றை மதித்தபோதிலும், பிறர் வீட்டை எரித்தலும் பிறரைத் தாக்குதலும் குற்றமே என்றும், மாணவர் தாமே முன்வந்து நீதிமன்ற விசாரணையை ஏற்கவேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அனைவரும் ஒரு பக்கம் நின்ற வேளையில் இதனைச் சொல்ல ஓர் ஆசிரியருக்கு இயன்றது. கருத்து வேறுபாட்டுக்கு இடமளிக்கும் மரபு முன்னரே அங்கு வேரூன்றியிருந்தமைக்கு இதுவே தக்க சான்றாகும்.

தொடர்ந்து நடந்தவற்றிலும் தீயைவிடச் சொல்லே கூடுதலாகப் பயன்பட்டது. மே 19 முதல் மாணவர் வகுப்புகளைப் பகிட்கரித்தனர். ஜூன் 3, 4ஆந் திகதிகளில் தெருக்களில் நின்று மக்களுக்கு விளக்கமளித்த நூற்றுக்கணக்கான மாணவர் கைதாயினர்; சட்டத்துறைக் கட்டடமே சிறைக்கூடமாக்கப்பட்டது. ஜூன் 5இல் சாங்காய் வணிகர் கடைகளை அடைத்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூன் 10இல் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று உயரதிகாரிகளும் பதவி நீக்கப்பட்டனர். ஜூன் 28இல் வெர்சாய் உடன்படிக்கையிற் கையொப்பமிடச் சீனப் பிரதிநிதிகள் மறுத்தனர். 1922இல் சாண்டுங் உரிமைகள் சீனத்திடம் மீண்டன. இதற்கிடையில், 1920இல் ஆரம்பப் பாடசாலைக் கீழ்வகுப்புகளில் பேச்சுநடைப் பாடநூல்களைப் புகுத்தக் கல்வி அமைச்சு ஆணையிட்டது. மாணவர் சஞ்சிகையிற் பயிற்சிபெற்ற நடை சிறுவரின் பாடநூலுக்கு வந்துசேர்ந்தது.

மதிப்பீடு

அந்த மாணவரும் ஆசிரியரும் பின்னர் பல திசைகளிற் பிரிந்தனர். லி தாசாவோ 1927இல் தூக்கிலிடப்பட்டார். லோ ஜியாலுன் சிங்குவா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஃபூ சினியன் 1949இல் தாய்வான் பல்கலைக்கழகத் தலைமையை ஏற்றார். அவ்வாண்டில் மக்கள் குடியரசைப் பிரகடனஞ் செய்தவரோ, முன்னர் வாசிப்பறையிற் பெயர் பதிந்த உதவியாளர். ஒரே நூலகம் ஒரே கொள்கையினரை உருவாக்கவில்லை. தாம் படித்ததைக் கொண்டு தாமே முடிவுக்கு வரத் துணிந்தோரை அது உருவாக்கியது.

சீனத்தின் அவ்வசந்தத்தை அதன் ஊர்வலத்தினால் மாத்திரம் அளத்தல் குறைபாடுடையது. சுருக்கக் குறிப்புக்கு அப்பால் தேடிப் படிக்கத் தூண்டிய தலைவர், அறையைத் திறந்துவைத்த நூலகர், எதிரெதிர் அணியினர் நடத்திய சஞ்சிகைகள், சந்தையில் நின்று பேசக் கூசாத மாணவர் ஆகியோரே அதனை ஆக்கியோர். இவற்றுள் எதுவும் பெருஞ் செல்வத்தினால் மட்டுமே ஆகக்கூடியதன்று. நூலகமும் சங்கமும் ஆண்டிதழும் உடைய எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவற்றுக்கான மூலப்பொருள் உண்டு. அவற்றைப் பரீட்சைக்கு அப்பாலும் பயன்படுத்துகின்றோமா என்ற வினாவையே பீக்கிங் மாணவரின் வரலாறு பிற்காலத்து மாணவராகிய நம்முன் வைத்துச் சென்றுள்ளது.