ராஜநாகத்தின் உறவினர் யார்?



பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஆனால் பாம்பின் உறவுமுறையை மனிதன் அறிய நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

1758இல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், வயிற்றுச் செதில்களையும் வாலடிச் செதில்களையும் எண்ணிப் பாம்புகளைப் பட்டியலிட்டார். அதில் நாகமும் நஞ்சில்லாத பல பாம்புகளும் ஒரே பேரினமாக நின்றன. பின்வந்தோர் நச்சுப்பல்லையும் மண்டையோட்டையும் ஆராய்ந்தனர். நாகம், கட்டுவிரியன், கடற்பாம்பு மூன்றும் ஒரே குடும்பம் என்பது தெளிவானது.

ராஜநாகமும் அக்குடும்பமே. ஆயினும் பெயரில் நாகம் இருந்தாலும், அது நாகப் பேரினத்தைச் சேர்ந்ததன்று. பினாங்கிலும் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் கேண்டர் 1836இல் அதனை விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அது ஒரே இனமாகவே கருதப்பட்டது. 2024இல் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது நான்கு இனங்கள் என்று அறிவித்தனர். மலாய்த் தீபகற்பத்தில் வாழ்வது சுண்டா ராஜநாகம்.

இது வெறும் பெயர்ச் சர்ச்சையன்று. நாகக் கடிக்கான நச்சுமுறிவு மருந்து, ராஜநாகக் கடிக்குச் சரிவரப் பலன் தருவதில்லை. உறவைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறும், உயிரும் போகும்.