பிலிப்பைன்ஸ் புகையிலைத் தனியுரிமை

ஸ்பானியக் குடியேற்ற அரசு லூசோன் தீவில் 1782 முதல் 1882 வரை நடத்திய அரசு வணிகம். எந்த ஊரில் புகையிலை நடலாம், இலைக்கு என்ன விலை, சுருட்டை எந்தக் கடை விற்கலாம் என்பதை எல்லாம் அரசே தீர்மானித்தது. உரிமம் பெறாத ஊரில் வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்தாலும் குற்றம். விசாயத் தீவுகளும் மிண்டனாவோவும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தன.

தோற்றம்: புகையிலை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிகோவிலிருந்து மணிலாவுக்கு வந்த ஸ்பானியக் கப்பல்களில் இத்தீவுகளை அடைந்தது. ஆண், பெண், சிறுவர் என்ற வேறுபாடின்றிப் புகைக்கும் வழக்கம் விரைவில் ஊன்றிவிட்டது. குடியேற்ற அரசோ மெக்சிகோ ஆண்டுதோறும் அனுப்பிய மானியப் பணத்தை நம்பியே இருந்தது. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தனர்; அதில் கருவூலம் ஆட்டம் கண்டது. 1778இல் ஆளுநராக வந்த ஹோசே பாஸ்கோ இ வார்காஸ், மெக்சிகோவில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்த புகையிலைத் தனியுரிமையை இங்கும் கொண்டுவர முனைந்தார். 1780இல் அரச ஆணை கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே புகையிலை அரசின் முதன்மை வருவாயாகி, மெக்சிகோ மானியம் இன்றியும் ஆட்சியை நடத்தலாம் என்ற நிலை வந்தது. பாஸ்கோவின் பெருமையாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அந்தப் பணம் உழவரைக் கசக்கிப் பிழிந்து சேர்த்த பணம்.

சாகுபடியும் தரப் பிரிப்பும்: தொடக்கத்தில் நுவேவா எசிஹாவின் கபான் வட்டாரமே முதன்மை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ககயான் பள்ளத்தாக்கு சேர்ந்தது. பின்னர் அதுவே தலைமையிடம் பெற்றது. ககயான் ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து படியவிடும் வண்டல் புகையிலைக்கு மிக ஏற்றது. வெள்ளம் வடிந்ததும் நாற்று நடுவார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,000 செடி என்பது கட்டாய அளவு. களை எடுப்பது, நுனி கிள்ளுவது, சிம்பு ஒடிப்பது, இலையில் ஏறும் புழுவைக் கையால் பொறுக்குவது என்று வீட்டில் உள்ள எல்லாரும் வயலில் நிற்க வேண்டும். ஊர்த் தலைவர்கள் வயல் வயலாகக் கண்காணித்தனர். நெல்லுக்கு நேரமும் நிலமும் குறைந்தன.

இலையைப் பாடம் செய்து கட்டி, அரசுக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மதிப்பீட்டாளர் இலையின் நீளத்தையும் பழுதின்மையையும் பார்த்து நான்கு தரமாகப் பிரிப்பார். முதல் தரத்துக்கும் நான்காம் தரத்துக்கும் விலை மடங்குக் கணக்கில் வேறுபட்டது. ஆகவே ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு மதிப்பீட்டாளரின் ஒரு பார்வையில் அடங்கியது. கழித்துவிட்ட இலையை வெளியில் விற்க வழியில்லாதபடி எரித்தனர். தேறிய இலைக்கும் கைமேல் காசு கிடைப்பதில்லை. அரசு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். கருவூலம் வறண்ட காலங்களில் அந்தச் சீட்டு ஆண்டுக்கணக்கில் பணமாகாமல் கிடந்தது. பொறுக்க முடியாதவர்கள் அடிமாட்டு விலைக்கு வணிகரிடம் தள்ளினர். இந்த முறையின் மிகப் பெரிய அநீதி இதுவே.

இலை மணிலாவின் பினோண்டோ முதலிய இடங்களில் இருந்த அரசு ஆலைகளுக்குப் போனது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் தரையில் வரிசையாக அமர்ந்து, இலையைக் கல்லால் தட்டிச் சமப்படுத்திச் சுருட்டுச் சுற்றினர். அந்தத் தட்டல் ஓசையை அங்கு சென்ற பயணிகள் பலர் பதிவு செய்துள்ளனர்.

கள்ளச் சந்தை: கோர்டிலெரா மலைவாழ் இகொரோட் மக்கள் ஸ்பானியருக்குக் கட்டுப்படாமல் தாமே பயிரிட்டுச் சமவெளிக்கு விற்றனர். இதை ஒடுக்கவே ஸ்பானியப் படை அதிகாரி கியேர்மோ கால்வேய் 1829 முதல் பெங்கேட் மலைகளுக்குப் படை நடத்தினார். அங்குள்ள லா திரினிதாத் நகரம் அவர் மனைவியின் பெயரைத் தாங்கியது.

ஒழிப்பும் எச்சமும்: ஆளுநர் பிரிமோ டி ரிவேராவின் பரிந்துரையின்படி 1881இல் ஒழிப்பு ஆணை வந்தது, 1882 இறுதியோடு தனியுரிமை முடிந்தது. அதே 1881இல் கொமியாஸ் பிரபு அந்தோனியோ லோப்பஸ் பார்சலோனாவில் தபகலேரா என்ற புகையிலை நிறுவனத்தைத் தொடங்கினார்; அந்நிறுவனம் ககயான் பள்ளத்தாக்கின் இசபெலா மாகாணத்தில் பெரும் பண்ணைகளை வாங்கியது. அரசு போன இடத்தில் முதலாளி உட்கார்ந்தார். உழவர் குத்தகையாளர் ஆயினர். இலோகோஸ் பகுதியிலிருந்து ஆட்கள் குடியேறியதால் இசபெலாவில் இன்று இலோகானோ மொழியே பெரும்பான்மை. தார்லாக் மாகாணத்தில் தபகலேரா அமைத்த லூயிசிட்டா பண்ணை 1950களின் இறுதியில் கொஹுவாங்கோ குடும்பத்துக்குக் கைமாறியது. 2004இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் குறைந்தது ஏழு பேர் கொல்லப்பட்டனர். நிலத்தைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது.

இன்று வர்ஜினியா வகைப் புகையிலை இலோகோஸ் பகுதியில் விளைகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதன் சிகரெட் வரியில் 15 விழுக்காட்டை விளையும் மாகாணங்களுக்கு ஒதுக்கியது.