பஞ்சத்துக்கு முன் சேர்த்த தானியம்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையார் ஒருவர் தயக்கத்துடன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கவலைப்படக் கூடாது என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். பட்டறையில் வேலை குறைந்துவிட்டது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தெரியவில்லை. ஜெபித்துவிட்டுப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. அப்படியானால் எனக்கு விசுவாசம் இல்லையா?" கேட்டவர் ஒருவர்தான். ஆனாலும் அந்தக் கேள்வி உங்களில் பலருடையது என்பதை நான் அறிவேன். வாசலில் நின்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரம் அதற்குரிய பதிலை நம் ஊர்ச் சரித்திரத்திலேயே தேடுவோம்.

மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துக்கு அருகே நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை நீங்கள் அறிவீர்கள். 1766ஆம் ஆண்டு அதைக் கட்டியெழுப்பியவர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிரஷ்ய தேசத்தில் பிறந்து, ஹாலே நகரில் கல்வி கற்று, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். அவர் திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்த நாட்களில் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் சிற்றறை. ஒரு கட்டிலும் அவரும் மட்டுமே கொள்ளும் அந்த அறையில் நிமிர்ந்து நிற்பதும் கடினம் என்று அவரை நேரில் கண்டவர் எழுதிவைத்திருக்கிறார். சோறும் காய்கறியுமே அவருக்கு உணவு. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்தச் சிற்றறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

1778இல் அவர் தம் ஊழியத்தின் மையத்தைத் தஞ்சாவூருக்கு மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு சென்னையிலிருந்த கம்பெனி அரசு அவரிடம் ஒரு பெரும் பொறுப்பை ஒப்படைத்தது. மைசூரை ஆண்ட ஐதர் அலியைச் சந்தித்துச் சமாதானம் பேச வேண்டும். சுவார்ட்ஸ் ஐயர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். ஐதர் அலி அவரை மரியாதையுடன் வரவேற்று, வழிச்செலவுக்கென்று முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் அந்தப் பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிடம் ஒப்படைக்க முன்வந்தார். அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லப்பட்டபோது, ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

ஆனால் அவர் எதற்காகப் போனாரோ அது நிறைவேறவில்லை. 1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. சமாதானத்துக்காக ஜெபித்து, சமாதானத்துக்காகவே பயணப்பட்ட மனிதரின் கண்முன்னே யுத்தம் வந்தது. யுத்தத்தைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள்ளும் வெளியிலும் மனிதர் பசியால் மடிந்தார்கள்.

இங்கே சற்று நில்லுங்கள். நாம் கேட்டது கிடைக்காதபோது, "என் ஜெபத்தில் ஏதோ குறை, என் விசுவாசம் பொய்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். சுவார்ட்ஸ் ஐயர் அப்படி முடிவுகட்டவில்லை. யுத்தத்துக்கு முன், விலை மலிவாயிருந்த காலத்திலேயே, அவர் பெருமளவு தானியத்தை வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார். பஞ்ச காலத்தில் உபதேசிமார்களையும் ஆசிரியர்களையும் ஏழைகளையும் அந்தத் தானியமே தாங்கியது. எகிப்தின் ஏழு செழிப்பான ஆண்டுகளில் யோசேப்பு செய்ததைத்தான் அவரும் செய்தார். சமாதானத்துக்காக ஜெபித்த அதே மனிதர் பஞ்சத்துக்கென்று தானியமும் சேர்த்தார். இரண்டையும் செய்ய வைத்தது ஒரே விசுவாசம்.

அடுத்து நடந்தது இதிலும் பெரியது. கோட்டைக் களஞ்சியம் காலியாகிவிட்டது. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குச் சேரவேண்டிய கூலியை இடையில் நின்ற துபாஷிகள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டார்கள். அரசர் துளஜாஜி கட்டளையிட்டும் பயனில்லை. அதிகாரிகள் கெஞ்சியும் பயனில்லை. அவர்கள் வார்த்தையை நம்புவார் ஒருவருமில்லை. இறுதியில் சுவார்ட்ஸ் ஐயரின் வார்த்தையையாவது மக்கள் நம்புகிறார்களா என்று பார்க்கும்படி அரசர் அவரிடமே பொறுப்பை விட்டார்.

ஐயர் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார். "உங்கள் கூலியை என் கையாலேயே கொடுப்பேன். எதிரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் ஈடு கொடுப்பேன்" என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி. ஓரிரு நாட்களில் சுமார் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று நம் பாட்டிமார் அளந்ததை நினைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னபடியே கூலி கொடுத்து, சிறு வெகுமதியும் அளித்து, ஐயர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டும் அவருக்கு அதே வேண்டுகோள் வந்தது. மக்களும் அவரை நம்பி மீண்டும் வந்தார்கள்.

அரசரின் ஆணைக்கு வராத மாடுகள் ஒரு போதகரின் வாக்குக்கு ஏன் வந்தன? பஞ்ச நாளில் திடீரென்று அந்த நம்பிக்கை பிறந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளியின் அந்தச் சிற்றறையில், யாரும் கவனியாத சாதாரண நாட்களில், அது ஆண்டாண்டாகச் சேர்ந்தது. முந்நூறு ரூபாயைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாத அந்த நாளிலும் சேர்ந்தது. தானியத்தைப் போலவே நம்பகமும் முன்கூட்டியே சேர்த்துவைக்கப்பட்டிருந்தது.

பிரியமானவர்களே, இப்போது நம் சகோதரரின் கேள்விக்கு வருவோம். பேதுரு தம் முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நம் கவலைகளையெல்லாம் தேவன்மேல் வைத்துவிடச் சொல்லுகிறார். மூலபாஷையில் அங்கே வரும் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது. ஆண்டவர் எருசலேமுக்குள் பிரவேசித்த நாளில் சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்கள் என்று லூக்கா எழுதும் இடம் அது. போட்டபின் வஸ்திரம் இல்லாமற் போகவில்லை. அதைச் சுமக்கும் முதுகு மாறியது, அவ்வளவுதான். சீஷர்களோ கைகள் விடுபட்டவர்களாய்த் தொடர்ந்து நடந்தார்கள்.

எனவே, கவலை உங்களைத் தேடி வருவதே அவிசுவாசம் ஆகிவிடாது. சுவார்ட்ஸ் ஐயருக்கும் கவலைப்படக் காரணங்கள் இருந்தன. வரும் கவலையை யார் முதுகில் வைக்கிறோம், விடுபட்ட கையால் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. நாளையைக் குறித்த பயம் நம் கையைக் கட்டிப்போடுகிறது. விசுவாசமோ அதே நாளைக்காக இன்றைக்குச் செய்யக்கூடியதை அமைதியாகச் செய்கிறது. அதிலும் அயலானுக்கென்று ஒரு படி எடுத்துவைக்கிறது.

ஆகவே, தூக்கமில்லாத சகோதரரே, சகோதரியே, உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். கடன் இருந்தால் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவல்ல. நம் சபையில் இன்று வருமானம் சீராயிருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சொல்: மலிவான காலம் உங்களுடையது. இப்போதே சேர்த்துவையுங்கள். வேலையிழந்த ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசியாக, ஒரு பிள்ளையின் கட்டணத்தில் ஒரு பங்காக அது போகட்டும். கொடுப்பதாகச் சொன்னதைச் சொன்ன நாளில் கொடுங்கள்.

சுவார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13ஆம் தேதி தஞ்சையில் நித்திரையடைந்தார். மன்னர் சரபோஜி அவருக்காக எழுப்பிய சலவைக்கல் நினைவுச்சின்னம் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. மரணப் படுக்கையிலிருக்கும் போதகரின் கையை மன்னர் பற்றியிருப்பதை அதில் காணலாம். நம் அரியமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் தஞ்சைச் சாலையில் அடுத்த முறை நீங்கள் கிழக்கே போகும்போது, அங்கே இறங்கி அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜெபிப்போம். ஆண்டவரே, எங்கள் கவலைகளை உம்மேல் வைக்கிறோம். விடுபட்ட எங்கள் கைகளை எங்கள் அயலாருக்காகப் பயன்படுத்தியருளும். உபத்திரவ நாளில் பிறர் நம்பி வரத்தக்கவர்களாய் எங்களைச் சாதாரண நாட்களிலேயே உருவாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.