செல்லரித்த நூலும் சீனத்துச் சாறும்

குளிர்காலத்தில் சீன இல்லங்களில் கொதிக்கும் ஆட்டிறைச்சிச் சாறு, பண்டு மருத்துவர் வகுத்த மருந்தாகும். ஹான் பேரரசின் இறுதியில், கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்சிங் பெயரால் வழங்கும் நூலில் அது காணப்படுகிறது. பிள்ளை பெற்றபின் வயிற்றுவலியால் நலியும் தாய்க்கும், குளிரால் அடிவயிறு நோவோர்க்கும் உரியது. டாங்குய் என்னும் மூலிகை வேர் 3 லியாங், இஞ்சி 5 லியாங், ஆட்டிறைச்சி 1 காட்டி. 8 பங்கு நீர் 3 பங்காகச் சுண்ட வேண்டும். (16 லியாங் ஒரு காட்டி, ஆயினும் ஹான் காலத்துக் காட்டி, நம் சந்தைகளில் முன்னர் வழங்கிய காட்டியிற் பாதிக்கும் குறைவே.) குளிர் மிகுமாயின் இஞ்சியையும் 1 காட்டியாக்குக என்கிறது நூல். இறைச்சிக்கு நிகராக இஞ்சி! வேரொன்று நீங்கலாக யாவும் அடுக்களைப் பொருள்களே.

நூலின் இப்பகுதி பின்னர் மறைந்தது. 11ஆம் நூற்றாண்டில் வாங் சூ என்னும் அறிஞர், சோங் அரசின் நூலகத்தில் செல்லரித்த சுவடிகளிடையே அதனைக் கண்டெடுத்தார். சாறோ மறையவில்லை. உணவால் தீராதபோதே மருந்து தருக என்று வற்புறுத்திய சுன் சிமியாவ், 652ஆம் ஆண்டளவில் இயற்றிய நூலிலும், பிள்ளை பெற்றோர்க்கென ஆட்டிறைச்சியும் டாங்குய் வேரும் சேர்ந்த சாறுகள் உள்ளன.

இன்று வீட்டில் சமைப்போர் இறைச்சியை முதலில் கொதிநீரில் இட்டு நுரையை அகற்றுவர். பின்னரே வேரும் இஞ்சியும் சேர்த்து மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைப்பர். வேரின் கசப்புக்கு அஞ்சி அதனைச் சிறிதே இடுவோரும் உளர். இஞ்சியைக் குறைத்தலாகாது, ஆட்டின் வாடையை அடக்குவதும் அதுவே.