ஊர் அஞ்சலகம்: ஓர் அமானிதத்தின் வரலாறு



நம் சிற்றூர்களின் வரலாற்றைப் பேசுகையில் பள்ளிவாசலையும் மதரஸாவையும் நினைவுகூர்கிறோம். ஒரு மேசை, ஒரு முத்திரை, வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி என இயங்கிய அஞ்சலகத்தை மறந்துவிடுகிறோம்.

1854ஆம் ஆண்டில்தான் இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான அஞ்சல் கட்டணம் வந்தது. அரையணா வில்லை ஒட்டினால் கடிதம் எத்தொலைவும் செல்லும். 1879இல் காலணா அஞ்சலட்டையும், 1880இல் மணியார்டரும், 1882இல் சேமிப்பு வங்கியும் தொடங்கின. வட்டியை அஞ்சிய பேணுதலுடையோர் சேமிப்பு வங்கியை விட்டு ஒதுங்கினர். மணியார்டரையோ மனமுவந்து ஏற்றனர்.

கிராமக் கிளை அஞ்சலகங்களைப் பெரும்பாலும் முழுநேர அரசு ஊழியர்கள் நடத்தவில்லை. வேறு பிழைப்புள்ள ஊர்க்காரர் ஒருவர், ஆசிரியரோ கடைக்காரரோ, தம் வீட்டின் ஒரு பகுதியிலேயே சில மணி நேரம் நடத்துவார். பர்மா, மலாயா, இலங்கை என்று சபுர் சென்ற ஆண்களுக்கும், ஊரில் காத்திருந்த குடும்பங்களுக்கும் அந்தச் சிறு இடமே பாலமாயிற்று. தமிழ் எழுத்தறியாத நம் பாட்டிமார் பலர் குர்ஆன் ஓதக் கற்றிருந்தமையால், அரபுத்தமிழில் தம் கைப்படவே கடிதம் எழுதினர். அதுவும் அறியாதோர்க்குத் தபால்காரரே வாசித்துக் காட்டினார்.

1942இல் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. பர்மாக் கடிதங்கள் நின்றன. கணவர் உயிரோடு இருக்கிறாரா, நடந்தே திரும்பிக்கொண்டிருக்கிறாரா என்று அறியாமல் எத்தனையோ பெண்கள் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்தனர்.

அஞ்சல் நம் மார்க்க வாழ்விலும் கலந்திருந்தது. மவுத்துச் செய்தி தந்தியில் வந்தால், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் காயிப் ஜனாஸா தொழப்படும். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாளோ, செய்தி கிடைத்த நாளிலிருந்து அன்று, கணவர் மரணித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பது நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஆகவே கடிதத்தில் கண்ட தேதி ஒரு பெண்ணின் இத்தாவையே நிர்ணயித்தது. கடிதம் மிகத் தாமதமாக வந்திருந்தால், அவள் அறியும் முன்பே இத்தா முடிந்திருக்கும்!

1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. பின்னர் வளைகுடாக் கடிதங்களும் பதிவுத் தபாலில் வங்கி வரைவோலைகளும் வந்தன. கைப்பேசி பரவியபின் கடிதம் குறைந்தது. 2013 ஜூலையில் தந்தியும் நின்றது.

இவ்வரலாற்றில் நாம் பெறும் படிப்பினை என்ன? யார் வீட்டில் கடன், யார் வீட்டில் பிணக்கு என்பதெல்லாம் அந்தத் தபால்காரருக்குத் தெரியும். அடுத்த வீட்டுத் திண்ணையில் அதை அவர் அவிழ்த்ததில்லை. அதுவே அமானிதம். இன்று பிறர் நமக்கு எழுதிய அந்தரங்கச் செய்தியை, ஒரு விரல் அசைவில் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் காத்ததை நாம் காக்கிறோமா?

இன்னொரு கடமையும் உண்டு. பழைய பெட்டகங்களில் அரபுத்தமிழ்க் கடிதங்கள் இருப்பின் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஸலாமில் தொடங்கி துஆவில் முடியும் அக்கடிதங்களே நம் வீட்டு வரலாறு.

அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.